பதிலி ஊதிய மூச்சு

ராஜபாளையம்
ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஷீனா,

நீ சிகரெட் பிடிக்கிறாய்.

இதைக் கேள்வியாக எழுதவில்லை, அதனால் இல்லம்மா என்று பதில் சொல்ல வேண்டிய சிரமம் உனக்கு வேண்டாம். மற்றபடி இங்கே நாங்கள் எல்லாரும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம், சிலர் சுலபமாக, சிலர் சத்தத்தோடு, அங்கே நீயும் ஒழுங்காக விட்டுக்கொண்டிருக்கிறாய் என்று நம்பி மேலே எழுதுகிறேன். இந்தக் காலத்தில் எதற்குக் காகிதத்தில் கடிதம் என்று சிரிப்பாய். நான் அனுப்புகிற வாய்ஸ் மெசேஜை நீ ரெண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுத்தான் கேட்கிறாயாம், என் குரல் அப்படி ஓடினால் குருவி சண்டை போடுகிற மாதிரி இருக்கிறதாம், எதிர்வீட்டு பெனின் உளறிவிட்டான். காகிதத்தை அப்படி ஓடவிட முடியாது. லீவு முடிந்து நொய்டாவுக்குத் திரும்புகிற அவன் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா டப்பாவுக்குள் அடியில் வைத்து, மேலே பட்டர் பேப்பர் போட்டு, அதன் மேல் பால்கோவா. தின்று முடித்தால்தான் கடிதம் கண்ணில் படும், இனித்துக்கிடக்கிற வாயால் பெற்றவளைத் திட்ட மாட்டாய் என்று ஒரு நம்பிக்கை.

பெனின் உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, அவனைத் திட்டாதே. ஷீனா அங்கே எப்படிப்பா இருக்கா என்று மட்டும்தான் கேட்டேன், சிகரெட்டைப் பத்தியெல்லாம் எனக்கு ஒண்ணும் தெரியாது அத்தை என்றான். அதற்கு முன்பே எனக்குத் தெரியும். மே மாதத்திலிருந்து நீ வீடியோ காலில் பேசும்போதெல்லாம் பால்கனிக்குப் போய்விடுகிறாய், உள்ளே சிக்னல் இல்லை என்கிறாய், பேசிக்கொண்டே இருந்துவிட்டு முகத்தை இடது பக்கம் திருப்பி, கீழே பார்த்து, தோளை லேசாகத் தூக்கி இறக்குகிறாய். இருபத்தைந்து வருஷமாக நான் பார்த்துவருகிற அசைவு அது. உன் அப்பாவும் புகையை இடது பக்கம்தான் விடுவார், எதிரே நிற்கிறவர் மேல் படக்கூடாதாம், அம்புட்டு மரியாதை. போனுக்குள் இருக்கிற அம்மா மேல் புகை படாது மகளே, நீ நேராகவே விட்டிருக்கலாம். அவர் உனக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே இல்லை, நீ பக்கத்தில் இருந்தால் அவர் பீடியையே எடுக்க மாட்டார், பொறவு எப்படி அந்தக் கழுத்து உனக்கு வந்தது என்று ரெண்டு நாள் யோசித்தேன். கழுத்து வந்திருக்கிறது என்றால் வேறு என்னவெல்லாம் வந்திருக்கும் என்று மூன்றாவது நாள் யோசித்தேன். அந்த யோசனைதான் இந்தக் கடிதம்.

பொம்பளைப் பிள்ளை இதைச் செய்யலாமா என்று நான் ஆரம்பிப்பேன் என்று எதிர்பார்த்திருப்பாய். அதற்குத் தெருவில் நிறையப் பேர் சும்மா இருக்கிறார்கள், அவர்கள் வேலையை நான் பறிக்க மாட்டேன். ஆம்பளை பிடித்தால் பழக்கம், பொம்பளை பிடித்தால் ஒழுக்கம் என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு இப்போதும் கை பரபரக்கிறது. உன்னிடம் சொன்னால் என்ன, கல்யாணமான புதிதில் உன் அப்பா குளிக்கப் போயிருந்த நேரம் அவர் பீடியை எடுத்து ரெண்டு இழுப்பு இழுத்துப் பார்த்திருக்கிறேன், பழைய தலையணையைக் கொளுத்தி வாயில் வைத்த மாதிரி இருந்தது, இதற்கா இம்புட்டு ஆர்ப்பாட்டம் என்று அணைத்துவிட்டேன். எனக்குக் கோபம் நீ பெண் என்பதால் இல்லை, நீ ராபர்ட் மகள் என்பதால். இனி எழுதப்போவதைச் செத்த நேரம் பொறுமையாகப் படி, பாதிக் கதை உனக்குத் தெரியும், தெரிந்த அந்தப் பாதி பொய்.

ஜனவரியில் அப்பாவை நெஞ்சு டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனது உனக்குத் தெரியும். அந்த டாக்டருக்கு உன்னைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும், வாரம் ரெண்டு நாள் மதுரையிலிருந்து வருகிறார், பேச்சில் பூசி மெழுகுகிற வேலையே கிடையாது, அதனாலேயே எனக்குப் பிடித்துப்போயிற்று. ஒரு குழாயை வாயில் வைத்து அப்பாவை ஊதச் சொன்னார்கள். நூறு வர வேண்டிய இடத்தில் முப்பத்து நாலு வந்தது. நாற்பத்தொன்பது வயசுக்காரருக்கு எழுபத்தைந்து வயசு நெஞ்சு. நாளைக்குப் பத்து பீடிதான் டாக்டர், அதுவும் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்னால் கிடையாது என்று உன் அப்பா பெருமையாகச் சொன்னார். டாக்டர் ஸ்கேனைப் பார்த்தார், வழக்கமாகப் பீடிக்காரர்களுக்கு நெஞ்சின் மேல்பக்கம்தான் அதிகம் கெடும், இவருக்கு அடிப்பக்கம் போயிருக்கிறது, வயசும் கம்மி, ரத்தத்தில் ஒன்றைப் பார்க்க வேண்டும் என்றார். ரத்தம் வெளியூருக்குப் போய் மூன்று வாரத்தில் ரிப்போர்ட் வந்தது. அதில் இருந்த பெயரை என்னால் இப்போதும் வாயில் நுழைக்க முடியவில்லை, ஆனால் அவர் சொன்ன விளக்கத்தை நம் ஊர்க்காரிக்குப் புரிகிற மாதிரி நான் மாற்றி வைத்திருக்கிறேன். நெஞ்சுக்குள் தூசியும் புகையும் வந்தால் விரட்ட உடம்பு நாய் வளர்க்கிறது, நம் ராஜபாளையம் நாய் மாதிரி, கோபம் வந்தால் திருடனையும் கடிக்கும் வீட்டுக்காரனையும் கடிக்கும். அதைப் பிடித்து நிறுத்த ஒரு கயிறு வேண்டும். அந்தக் கயிற்றை ஈரல் திரிக்கிறது. எப்படித் திரிப்பது என்ற குறிப்பு எல்லாருக்கும் ரெண்டு பிரதி இருக்கும், ஒன்று அப்பாவிடமிருந்து, ஒன்று அம்மாவிடமிருந்து. உன் அப்பாவுக்கு ரெண்டுமே பிழையான பிரதி. கயிறே இல்லை. அப்படிப்பட்ட ஆள் இருபத்திரெண்டு வருஷம் மில்லில் பஞ்சு உடைக்கிற ப்ளோரூமில் நின்று, வெளியே வந்து பீடியும் பற்றவைத்தால், நாய்கள் கூட்டமாக அவிழ்ந்து வீட்டையே தின்றிருக்கின்றன.

டாக்டர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நம் குடும்பத்தைப் படமாக வரைய ஆரம்பித்தார். சதுரம் ஆம்பளை, வட்டம் பொம்பளை. நான் உன் அப்பாவுக்கு அத்தை மகள் என்றதும் பேனாவைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார், என் அம்மாவைக் கட்டினவரும் அவளுக்குச் சொந்த மாமன்தான் என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மரம் மாதிரி கிளை விரிய வேண்டிய படம் கூடை பின்னின மாதிரி கோடெல்லாம் திரும்பித் திரும்பி ஒரே இடத்துக்கு வந்தது. சர்ச்சில் ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டார். சொல்லாமல் என்ன, நெருங்கின சொந்தம் என்று பங்குச்சாமி எழுதிப்போட்டு, பிஷப்பிடமிருந்து விலக்கு வாங்கித்தான் எங்கள் கல்யாணம் நடந்தது. பிஷப் விலக்குக் கொடுத்தார், ஈரல் கொடுக்கவில்லை என்றேன், அன்றைக்கு முதல் தடவையாக அந்த டாக்டர் சிரித்தார். சிரித்துவிட்டு, கூடப் பிறந்தவர், மனைவி, மகள் மூன்று பேரும் ரத்தம் கொடுக்க வேண்டும் என்று எழுதிக்கொடுத்தார். மகள் என்றால் நீ. பிப்ரவரியிலேயே உனக்குச் சொன்னேன். புராஜெக்ட் முடியட்டும்மா என்றாய்.

கூடப் பிறந்தவர் என்றால் உன் பெரியப்பா. அவர் ரத்தம் கொடுக்கமாட்டேன் என்று குதித்தார். அவர் மகள் பிரிஸ்கில்லாவுக்கு வத்திராயிருப்பிலிருந்து மாப்பிள்ளை பேசி வந்திருக்கிற நேரம், நம் ரத்தத்தில் ஓட்டை என்று வெளியே தெரிந்தால் சம்பந்தம் நிற்குமா என்பது அவர் கவலை. நீ நொய்டாவில் இருந்துகொண்டு இதைக் கேட்டுச் சிரிப்பாய், அவளுக்கு முப்பது வயதாகிறது, அந்த வீட்டில் இதற்கு யாரும் சிரிக்கவில்லை. பொறவு திடீரென்று மார்ச்சில் ஒருநாள் சரி போய்க் கொடுத்துவிட்டேன் என்றார். ஏப்ரலில் ரிப்போர்ட் வந்தது. ரத்தத்தில் ரெண்டு பிரதியும் சுத்தம். குழாய் ஊதியதில் நூற்று முப்பத்தொன்று. நாளைக்கு நாற்பது பீடி, நாற்பது வருஷம், ஐம்பத்தெட்டு வயது, நெஞ்சு மட்டும் இளங்குதிரை நெஞ்சு. பெரியப்பா ரிப்போர்ட்டை லாமினேட் பண்ணி நம் வீட்டுக்கே கொண்டுவந்து, ஆக்சிஜன் குழாயோடு உட்கார்ந்திருந்த தம்பியைப் பார்த்து, "ஏலே ராபர்ட்டு, நீ பத்துக்கே படுத்துட்ட. நான் நாப்பது. ரத்தம்லே, ரத்தம்" என்றார். குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டார். நீ அதற்குக் கீழே கை முறுக்குகிற பொம்மை மூன்று போட்டு, பெரியப்பா ஜீன்டா என்று எழுதினாய். மே மாதத்திலிருந்துதான் நீ பால்கனிக்குப் போக ஆரம்பித்தாய். தேதியை நான் ஒத்துப்பார்த்துவிட்டேன்.

நீ மட்டும் இல்லை. ஒரே வயிற்றில் பிறந்தவன் இரும்பு மாதிரி இருக்கும்போது எனக்கு மட்டும் என்ன ஆகிவிடும், அந்த டாக்டர் சின்னப்பிள்ளை, மிஷின் தப்பு என்று உன் அப்பா பேச ஆரம்பித்தார். பேசினதோடு நிற்கவில்லை. வீட்டில் எங்கெங்கோ தேடினேன், கடைசியில் பீடிக்கட்டு எங்கே இருந்தது தெரியுமா, மருந்தைப் புகையாக்கி மூக்கில் பிடிக்கிற மிஷின் டப்பாவுக்குள். அதை வைக்க வேறு இடம் கிடைக்கவில்லையா என்று கேட்டால், ரெண்டும் புகைதானே என்கிறார். சிரிப்பு வந்துவிட்டது, சிரித்த என்னை நானே மன்னிக்கவில்லை.

ஜூன் கடைசியில் ஒரு சாயங்காலம் நான் பேண்டேஜ் துணி மடிக்கிற கம்பெனியிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருக்கிறேன், வாசலில் சமுத்திரம் நிற்கிறார். உனக்கு ஞாபகம் இருக்கும், தேருக்கும் திருவிழாவுக்கும் பலூன் விற்பாரே, பம்பு வைத்துக்கொள்ளாமல் வாயாலேயே ஊதுவார், நீ சின்னவளாக இருக்கும்போது அவர் கன்னத்தைத் தொட்டுப் பார்க்கணும் என்று அழுதிருக்கிறாய். வெயிலில் அலைந்து அலைந்து நாற்பத்து நாலு வயதிலேயே முடியெல்லாம் வெளுத்துப்போயிற்று. தயங்கித் தயங்கி, அக்கா, மார்ச்சுல எங்கிட்ட ரத்தம் எடுத்தாங்கள்ல, எனக்கு என்ன வந்துச்சுன்னு யாருமே சொல்லலையே, எங்க வீட்டுக்காரி தினமும் கேக்கிறா, எதுவும் பெரிய நோவா என்றார். எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை. பொறவு ஓடினது.

மில்லில் வேலைக்கு வராதவனுக்குப் பதிலாக நிற்கிற ஆளுக்குப் பதிலி என்று பெயர், நீ கேட்டு வளர்ந்த சொல்தான். மேஸ்திரியாக இருந்த காலத்தில் பதிலி போட்டுப் போட்டு உன் பெரியப்பாவுக்கு எதற்குமே தான் போக வேண்டியதில்லை என்று ஆகிவிட்டது. ரேஷன் வரிசைக்குப் பதிலி, துஷ்டி வீட்டில் மாலை போடப் பதிலி, உன் ஞானஸ்நானத்துக்கு ஞானத்தகப்பனாக நிற்க வேண்டியவர் அன்றைக்கு நைட் ஷிப்ட் பார்த்த களைப்பு என்று சொல்லி அதற்கும் பதிலி அனுப்பினார், சாமியாரும் அதற்குச் சட்டம் உண்டு என்று விட்டுவிட்டார். அந்தப் பழக்கத்தில் ரத்தத்துக்கும் பதிலி போட்டுவிட்டார். லேபில் ரத்தம் எடுத்தவரும் குழாய் ஊதச் சொன்னவரும் வேறு ஆட்கள், டாக்டர் காகிதத்தை மட்டும்தான் பார்த்தார், நரைத்த முடியைப் பார்த்து ஐம்பத்தெட்டு என்றால் யார் சந்தேகப்படுவார்கள். வேறு யாராவது சாதாரண ஆளை அனுப்பியிருந்தாலாவது தப்பித்திருப்பார். ஊருக்குள்ளேயே பலூன் ஊதுகிற மனுஷனைத் தேடிப் பிடித்து அனுப்பியிருக்கிறார், அதுதான் உன் பெரியப்பா. சமுத்திரத்திடம் உங்களுக்குக் குதிரை நெஞ்சு, கவலையே வேண்டாம் என்று சொன்னேன். முகம் மலர்ந்துபோய், அப்ப அந்த ரிப்போர்ட்டு என் பேர்ல ஒண்ணு கிடைக்குமாக்கா, வீட்டுல மாட்டணும் என்று கேட்டார். அதைக் கேட்டதும்தான் எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ரத்தம் அவருடையது, மூச்சு அவருடையது, லாமினேட் பண்ணின பெயர் இன்னொருத்தருடையது. இந்த ஊரில் உழைக்கிறவன் பெயர் என்றைக்குக் காகிதத்தில் இருந்திருக்கிறது.

உடனே போய் உண்மையைப் போட்டு உடைத்திருக்கலாம். உடைத்திருந்தால் பெரியப்பா சத்தியம் பண்ணி மறுத்திருப்பார், அப்பாவும் அண்ணன் பக்கம்தான் நின்றிருப்பார். அதனால் வாயை மூடிக்கொண்டு இருந்தேன், எனக்கு அது எம்புட்டுக் கஷ்டம் என்று உனக்குத் தெரியும். பலன் கிடைத்தது. ஜூலையில் டாக்டரே பெரியப்பாவுக்குப் போன் போட்டார். கிருஷ்ணன்கோவிலில் காலேஜ் பிள்ளைகளுக்குப் புகையிலைக்கு எதிராகப் பேசப் போகிறேன், உங்கள் மாதிரி ஒரு அதிசய நெஞ்சை நான் பார்த்ததில்லை, மேடையில் ஒருதடவை ஊதிக்காட்ட முடியுமா என்று கேட்டார். பெரியப்பா பெருமையில் சரி என்று சொல்லிவிட்டு, போனை வைத்த பிறகுதான் வியர்த்திருக்கிறார். மறுநாள் விடிந்ததும் சமுத்திரம் வீட்டுக்கு ஓடியிருக்கிறார். எனக்கு முன்னாலேயே தெரியும் அவர் அங்கேதான் போவார் என்று, அதனால் போன் விஷயம் காதில் விழுந்த அன்றைக்கே நான் போய்விட்டேன். தேருக்கு நாலே நாள் இருக்கு, ஸ்ரீவில்லிபுத்தூரைத் தவிர நான் எங்கேயும் வாரதா இல்ல என்று சமுத்திரம் சொல்லிவிட்டாராம். நான் சொல்லச் சொன்னது அவ்வளவுதான், கூடவே, அண்ணாச்சி நீங்களே ஊதுங்க, அது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல என்று அவராகச் சேர்த்துக்கொண்டது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

துணைக்கு நானும் அப்பாவும் போனோம். அத்தான் கௌரவிக்கப்படுவதை நாங்கள் பார்க்க வேண்டாமா என்று நான்தான் கெஞ்சினேன். அரங்கு மாடியில். பெரியப்பா நாலு படி ஏறினார், போன் வந்த மாதிரி எடுத்துக் காதில் வைத்து நின்றார். மறுபடி நாலு படி, மறுபடி போன். அப்போதுதான் யோசித்தேன், ரெண்டு வருஷமாக இந்த மனுஷனுக்கு எந்தப் படிக்கட்டைக் கண்டாலும் போன் வருகிறது, நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. மேடையில் டாக்டர் ரெண்டு ரிப்போர்ட்டையும் பெரிய திரையில் போட்டு, ஒரே தாய் பிள்ளைகள், குறைவாகக் குடித்தவர் விழுந்துவிட்டார், அதிகம் குடித்தவர் நிற்கிறார், புகை எல்லாரையும் ஒரே மாதிரி அடிப்பதில்லை, அது ரத்தத்தைப் பார்த்து அடிக்கிறது என்றார். முன்னூறு பிள்ளைகள் கை தட்டினார்கள். குழாயைப் பெரியப்பா கையில் கொடுத்தார். அவர் ஊதினார். ஊதினார் என்று எப்படி எழுதுவது, தீக்குச்சி அணைக்கிற அளவுக்குக் காற்று வந்தது, அதன் பிறகு வந்தது இருமல்தான், குனிந்து மேஜையைப் பிடித்துக்கொண்டு இருமினார், பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள், பொறவு சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக நின்றது. திரையில் ஐம்பத்திரெண்டு என்று விழுந்தது. டாக்டர் பழைய ரிப்போர்ட்டைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். பெரியப்பாதான் மைக் அருகில் இருப்பதை மறந்து சொன்னார்.

"அன்னைக்கு வந்தது நானில்ல டாக்டரம்மா. பதிலி."

நான் சிரிக்கத்தான் போயிருந்தேன் ஷீனா, அதற்காகத்தான் அம்புட்டு வேலையும் செய்தேன். சிரிப்பு வரவில்லை. உன் அப்பா ஆக்சிஜன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்துபோய், மேடை ஏறி, அண்ணன் முதுகைத் தடவிக் கொடுத்தார். மேடைக்கு எட்டு படி. ஒவ்வொரு படியிலும் நின்று ஏறினார், போன் எதுவும் எடுக்கவில்லை. டாக்டர் அந்தப் பிள்ளைகளிடம் திரும்பி, நான் சொல்ல வந்ததை இவர்கள் எனக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டார்கள், உங்களில் யாருக்குக் கயிறு இருக்கிறது யாருக்கு இல்லை என்று முகத்தில் எழுதியிருக்காது, நல்லா இருக்கிற பெரியப்பாவைக் காட்டிப் பந்தயம் கட்டாதீர்கள் என்றார். பெரியப்பா என்றுதான் சொன்னார். என் மகளுக்குத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன்.

அன்றைக்கே உண்மையான ரத்தம் எடுத்தார்கள். போன வாரம் வந்தது. பெரியப்பாவுக்கு ஒரு பிரதி பிழை, ஒன்று சரி. பாதிக் கயிறு. புகையே தொடாமல் இருந்திருந்தால் அதை வைத்துக்கொண்டு ஒரு குறையும் இல்லாமல் காலம் தள்ளியிருப்பார், நாற்பது பீடிக்கு அது தாங்கவில்லை. பீடியை விட்டுவிட்டார், அதற்குப் பதிலி கிடையாது என்று நான் சொன்னதற்குப் பெரியம்மா மட்டும் சிரித்தாள். பிரிஸ்கில்லா ஒரு காரியம் செய்தாள், உன் அக்கா என்று சொல்ல எனக்குப் பெருமையாக இருக்கிறது, மாப்பிள்ளைக்கு அவளே போன் பண்ணி, எங்க வீட்டு ரத்தத்துல இப்படி ஒண்ணு இருக்கு, நான் டெஸ்ட் குடுத்துட்டேன், நீங்களும் குடுங்க, பொறவு மண்டபம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டாள். அவர்கள் வீட்டில் ஒரு வாரமாகப் பேச்சு மூச்சில்லை. உன் அப்பா இன்றோடு முப்பத்தோரு நாள் பீடி தொடவில்லை என்கிறார். தினமும் மருந்து டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் நம்புகிறேன்.

இதில் ரொம்பச் சந்தோஷப்பட்ட ஆள் யார் தெரியுமா, மில் ஆபீஸர். தூசிக்காக நஷ்டஈடு கேட்டு நாங்கள் எழுதின மனுவுக்கு முதலில் பீடி குடித்தீர்களா என்று கேட்டு மனுவின் குறுக்கே ஒரு கோடு போட்டார்கள். இப்போது விஷயம் காதுக்குப் போனதும், அது உங்க குடும்ப ரத்தம்மா, மில் என்ன பண்ணும் என்கிறார். சார், கயிறு இல்லாத வீடு என்று தெரியாமல்தான் இருந்தோம், அந்த வீட்டுக்குள் இருபத்திரெண்டு வருஷம் தூசியைக் கொட்டினது யார், முகமூடி கேட்டதற்குத் துண்டைக் கட்டிக்கொள் என்றது யார் என்று கேட்டேன். பீடி ஒரு காரணம், ரத்தம் ஒரு காரணம், பஞ்சு ஒரு காரணம், மூன்றில் ஏழை சம்பந்தப்பட்ட ரெண்டை மட்டும் எழுதி மூன்றாவதை மறந்துபோகிற பேனா எந்தக் கடையில் கிடைக்கிறது என்று தெரியவில்லை. மனு மறுபடி போட்டிருக்கிறேன். நீ கவலைப்படாதே, சண்டை எனக்கு நல்ல உடற்பயிற்சி.

இப்போது உன் விஷயம். பெரியப்பாவோடு அன்றைக்கு நானும் ரத்தம் கொடுத்தேன், என் ரிப்போர்ட்டும் பெரியப்பாவினுடையதோடு சேர்ந்து வந்தது. எனக்கும் ஒரு பிரதி பிழை. கூடைக் கோடு என் பக்கமும் வந்து சேர்ந்திருக்கிறது. அப்பாவிடம் நல்ல பிரதியே இல்லை, அதனால் அவரிடமிருந்து உனக்கு வந்தது பிழைதான், அதில் சந்தேகம் இல்லை. என்னிடமிருந்து எது வந்தது என்பதுதான் கேள்வி, நாணயத்தைச் சுண்டின மாதிரி என்றார் டாக்டர். நல்லது வந்திருந்தால் நீ பெரியப்பா, கெட்டது வந்திருந்தால் நீ அப்பா. பெரியப்பா ஜீன்டா என்று நீ எழுதினாய் அல்லவா, ஆனால் மகளே, உனக்குக் கிடைக்கக்கூடிய நல்ல சீட்டே அதுதான், மேடையில் இருமினதுதான் நம் வீட்டின் நல்ல சீட்டு. கை முறுக்குகிற பொம்மை போட்டாயே, அது சமுத்திரத்தினுடைய கை. உலகத்திலேயே காற்று கெட்ட ஊர்களில் ஒன்றாகப் பார்த்து வேலைக்குப் போயிருக்கிறாய், அதற்கு மேல் சொந்தச் செலவில் வேறு புகை. உன்னைப் பெற்றபோது எனக்கு இருபது வயது, எனக்கு ஒன்றும் தெரியாது, மாமன் மகனைக் கட்டு என்றார்கள் கட்டினேன், உன் கையில் நான் என்ன கொடுத்தேன் என்று இப்போதுதான் எனக்கே தெரிகிறது. அதை நினைத்தால் வாயில் கேலி வர மறுக்கிறது, அதனால் அதிகம் நினைக்காமல் இருக்கிறேன். நீயும் மூச்சு வாங்கினால் போன் எடுக்கிறாயா? உன் ஆபீஸ் லிப்ட் கெட்டுப்போன அன்றைக்கு எந்த மாடியில் நின்றாய்? பெனின்தான் பேச்சுவாக்கில், அன்னைக்கு ஆறாவது மாடிக்கு நடந்தே போனோம், நடுவில் ஷீனாவுக்கு ஒரு கால் வந்தது அத்தை என்றான். அவனுக்கு அது என்னவென்று தெரியாது. எனக்குத் தெரியும்.

மாதா உன் நெஞ்சைக் காக்கட்டும். அவளுக்கும் நம் வீட்டில் ஏற்கனவே ரெண்டு நெஞ்சு இருக்கிறது, வேலை அதிகம், நீயும் கொஞ்சம் கை கொடு. தலைக்கு எண்ணெய் வை, வெளியே போகும்போது முகமூடி போடு, பால்கோவாவில் பெனினுக்கும் கொடுத்திருப்பாய், ஒரு கரண்டிக்கு மேல் போயிருக்காது என்று நம்புகிறேன். தண்ணீரை மறக்காமல் குடி. சிகரெட்டை நாளைக்கு விடு என்று சொல்ல மாட்டேன், இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் விடு. ரத்தம் கொடு என்று ரெண்டு மாதத்தில் மூன்று தடவை மெசேஜ் போட்டேன், மூன்று தடவையும் நீல டிக் விழுந்தது, பதில் விழவில்லை. அதனால் கீழே நானே இடம் விட்டிருக்கிறேன். நிரப்பிப் போட்டோ எடுத்து இன்றைக்கே அனுப்பு, தேதியை மட்டும் எழுது, வேறு ஒரு வார்த்தையும் வேண்டாம்.

உன்னைப் பெற்று, பிழையான பிரதியையும் கூடவே கொடுத்தனுப்பின
அம்மா
சந்தனமேரி

பெயர்: ஷீனா, த/பெ ராபர்ட்
ரத்தம் கொடுக்கும் தேதி: ..............................
கையெழுத்து: ..............................
பதிலி செல்லாது.